முதலில் காட்டிய விலையையே கடைசியிலும் வாங்குங்கள்

விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் விற்கும் இணையத் தளங்களை நடத்துகிறவர்களுக்கு,

“கட்டண விவரங்கள் அனைத்தும் பணம் செலுத்தும் பக்கத்தில் காட்டப்பட்டிருந்தன.” உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு வந்த பதில் இந்த ஒரு வரிதான். முதலில் காட்டிய விலை பணம் கட்டும்போது ஏறிவிடுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, ஆறு ஸ்க்ரீன்ஷாட் இணைத்து நான் அனுப்பிய புகாருக்கு இது பதில். இதை விழுங்கிக்கொண்டு அடுத்த டிக்கெட் போட எனக்கு மனம் வரவில்லை, அதனால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். எந்தத் தளம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. நான் பயன்படுத்திப் பார்த்த பல தளங்களில் இதையேதான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் டிக்கெட் போடும் வேலை என்னுடையது. பத்துப் பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன், அதனால் விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டேன் என்று என்னைத் தள்ளிவிட முடியாது. இந்த முறை அம்மாவையும் சேர்த்து நான்கு பேர். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். தேடல் பட்டியலில் மேலே இருந்த விலை எங்களுக்குக் கட்டுப்படியாகும் போலிருந்தது, அதைத் தொட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போன பிறகுதான் அது கைப்பை மட்டும் கொண்டுபோகிற வகை என்று தெரிந்தது, லக்கேஜுக்குத் தனிக் கட்டணம். அப்புறம் இருக்கை. அம்மாவைத் தனியாக எங்கோ உட்கார வைக்க முடியாது என்பதால் அதற்கும் கொடுத்தேன். அப்புறம் இன்சூரன்ஸ், அந்தக் கட்டத்தில் நான் தொடாமலே டிக் விழுந்திருந்தது. எடுத்துவிட்டால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நிற்கிறது, அதில் “ஆபத்து வந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன்” என்ற மாதிரி ஒரு வாக்கியம் மங்கலான எழுத்தில் இருக்கிறது, அதை அழுத்தினால்தான் மேலே போக முடியும். எழுபது தாண்டிய அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை அழுத்த எனக்குக் கை வரவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக, கார்டு எண்ணையெல்லாம் கொடுத்த பிறகு, சேவைக் கட்டணம் என்று ஒன்று, அதுவும் தலைக்கு இவ்வளவு, போவதற்கு ஒரு தடவை, வருவதற்கு ஒரு தடவை. முதலில் பார்த்த தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது.

இவ்வளவும் நடக்கும்போது திரையின் மேலே சிவப்பு நிறத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இந்த விலை இன்னும் 7 நிமிடம் 40 விநாடிக்குத்தான் என்றது. பாஸ்போர்ட்டுகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டிருந்தேன், ஒரு கண் கடிகாரத்தில். அந்தப் பதற்றத்தில் அம்மா பெயரின் கடைசி எழுத்து விட்டுப்போனது. மறுநாள் காலையில் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்த ஒரு எழுத்தைத் திருத்த விமான நிறுவனத்துக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் உங்கள் தளத்துக்கு ஒரு கட்டணம். பிறகு ஒரு நாள், எதுவும் வாங்காமல், அந்தக் கடிகாரத்தை முழுக்க ஓட விட்டுப் பார்த்தேன். பூஜ்யத்துக்கு வந்தது. பக்கம் புதிதாகத் திறந்தது. அதே விமானம், அதே விலை, கடிகாரம் மட்டும் மறுபடி முதலிலிருந்து. விலையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதற்கு உண்மையிலேயே ஒரு கால வரம்பு இருக்கும் இடங்கள் உண்டு, அது எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்த கடிகாரம் எங்களை அவசரப்படுத்துவதற்காகவே வைத்தது. அதன் விலையை ஒரு எழுத்துப் பிழையாக நாங்கள் கொடுத்தோம்.

விலை ஏறி இறங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் வேறு வேறு விலை கொடுத்திருப்பது எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து சேபர் என்ற கணினி முன்பதிவு முறையைக் கொண்டுவந்தன. 1978-ல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள் மேலிருந்த அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் வந்தது. அதன் பிறகு ஒரே வகுப்பு இருக்கைகளையே பல விலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆங்கில எழுத்தை அடையாளமாக வைத்து, மலிவான படி தீர்ந்ததும் அடுத்த படிக்கு ஏற்றி விற்பது உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. சரி, அது வியாபாரம். முன்கூட்டித் திட்டமிடுகிறவனுக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது, அவசரத்தில் வருகிறவன் கூடக் கொடுக்கிறான், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் படிகள் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, எங்கள் கண்ணுக்குத் தெரியாதபடி வைத்திருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியாதது அதைத்தான்.

இதைக் கேளுங்கள். நான்கு பேருக்கு என்று தேடுகிறேன். மலிவான படியில் மூன்று இருக்கைதான் மிச்சம் இருக்கிறது. அப்போது மூன்று பேருக்கு மலிவு விலை, நான்காமவருக்கு மட்டும் அடுத்த விலை என்று காட்டுவதுதானே முறை? அப்படி நடப்பதில்லை. நான்கு பேருக்கும் சேர்த்து அடுத்த படியின் விலையே திரையில் வருகிறது. இது எனக்குத் தெரிந்ததே தற்செயலாகத்தான். ஒரு முறை எண்ணிக்கையில் கை தவறி மூன்று என்று வைத்துவிட்டேன், தலைக்கு விலை சட்டென்று இறங்கியது. நான்காக்கினால் ஏறுகிறது, மூன்றாக்கினால் இறங்குகிறது. பத்து தடவை மாற்றிப் பார்த்து, கடைசியில் மூன்று பேருக்கு ஒரு டிக்கெட்டும் ஒருவருக்குத் தனி டிக்கெட்டுமாகப் போட்டேன். மிச்சமானது சின்னத் தொகை இல்லை. ஆனால் அதற்குள்ளும் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டு பி.என்.ஆர். ஆகிவிடுவதால், விமானம் ரத்தானால் மூன்று பேரை ஒரு விமானத்திலும் ஒருவரை இன்னொன்றிலும் மாற்றிப் போட்டுவிடலாம். அதையும் யாரும் சொல்லவில்லை, நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பல வருடமாகக் குடும்பமாக எத்தனை முறை டிக்கெட் போட்டிருப்பேன், அதில் எத்தனை முறை ஒரே ஓர் இருக்கைக்காக எல்லோருக்கும் கூடக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

நீங்கள் எதையும் சொல்லாததால் ஊரெல்லாம் வதந்தி. செவ்வாய்க்கிழமை போட்டால் குறைவு, நள்ளிரவில் போட்டால் குறைவு, ஒரே விமானத்தைத் திரும்பத் திரும்பத் தேடினால் ஏற்றிவிடுவார்கள், அதனால் பிரவுசரின் ரகசிய விண்டோவில் தேடு என்று ஆளுக்கொரு வைத்தியம். மறுபடி தேடும்போது விலை ஏறியிருந்தால், மலிவான படி அந்த இடைவெளியில் விற்றுப்போயிருக்கலாம், இல்லையென்றால் முன்பு காட்டியது சேமித்து வைத்திருந்த பழைய விலையாக இருக்கலாம். பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். ஆனால் மக்கள் சந்தேகப்படுவதைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆர்பிட்ஸ் என்ற அமெரிக்கப் பயண முன்பதிவுத் தளம் மேக் கணினியில் தேடுகிறவர்களுக்கு விலை கூடின ஹோட்டல்களை முன்னால் காட்டிப் பார்த்தது 2012-லேயே செய்தியாக வந்தது. ஒரே அறையை இரண்டு விலைக்கு விற்கவில்லை, காட்டும் வரிசையைத்தான் மாற்றினோம் என்றார்கள். மேலே இருப்பதைத்தானே பெரும்பாலானவர்கள் தொடுகிறார்கள்?

அந்த வரிசையைப் பற்றியும் பேசியாக வேண்டும். ‘பரிந்துரை’, ‘சிறந்த விலை’ என்று நீங்கள் மேலே வைக்கிறீர்கள். யாருக்குச் சிறந்தது? பல முன்பதிவுத் தளங்களின் ஹோட்டல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் டிரிவாகோ மீது ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கில் 2020 ஜனவரியில் வந்த தீர்ப்பு இதற்கு விடை சொல்லிவிட்டது. எந்த முன்பதிவுத் தளம் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருகிறது என்பது, எந்த விலை மேலே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வகித்தது. பட்டியல்களில் மூன்றில் இரண்டு பங்கில், அதே ஹோட்டலுக்குக் குறைந்த விலை கையில் இருந்தும் கூடின விலையே முதலிடத்தில் வைக்கப்பட்டது. குறுக்கே கோடு போட்டு அடித்துக் காட்டிய பழைய விலை சில சமயம் அதே ஹோட்டலின் சொகுசு அறையுடையது, பக்கத்தில் போட்ட புது விலை சாதாரண அறையுடையது. 2022-ல் 4 கோடியே 47 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது நீதிமன்றம் வரை போனதால் வெளியே தெரிந்தது. வரிசை எப்படிப் போடுகிறீர்கள் என்று மற்றவர்களில் எத்தனை பேர் பளிச்சென்று எழுதி வைத்திருக்கிறீர்கள்? நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ‘குறைந்த விலை முதலில்’ என்று மாற்றிக்கொண்டுதான் தேடுகிறேன், அதிலும் கட்டணங்கள் சேராத விலையை வைத்து வரிசைப்படுத்தியிருப்பதால், நான்காவதாக இருப்பது கடைசியில் முதலாவதைவிட மலிவாக முடிகிறது. நாலைந்து விமானங்களைப் பணம் கட்டும் பக்கம் வரை கொண்டுபோய், அங்கே வரும் மொத்தத் தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் ஒப்பிடுகிறேன். கணினி ஒரு விநாடியில் போடும் கூட்டலை நான் பேனாவால் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஹோட்டல் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். “ஒரே ஓர் அறைதான் மிச்சம், 14 பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்” என்று திரையில் வந்தது. ஹோட்டலுக்கே போன் போட்டேன். எடுத்த பெண், அந்தத் தேதியில் அறைகள் தாராளமாக இருக்கின்றன, அந்தத் தளத்துக்கு நாங்கள் ஒதுக்கியதில்தான் ஒன்று மிச்சமிருக்கும் என்றார். விலையைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, நேரடியாகப் போட்டால் குறைத்துத் தருகிறேன், தேதி மாற்றினாலும் பணம் பிடிக்க மாட்டோம் என்றார். அந்தத் தயக்கம் ஏன் என்று அப்போது புரியவில்லை. உங்கள் தளத்தில் இருப்பதைவிடக் குறைவாகத் தங்கள் சொந்தத் தளத்தில்கூட விலை போடக் கூடாது என்று ஹோட்டல்களிடம் நீங்கள் ஒப்பந்தம் எழுதி வாங்கும் வழக்கம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. பிரான்ஸ் 2015-லேயே அப்படிப்பட்ட நிபந்தனைகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பெரிய இணையத் தளங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்த பிறகு 2024-ல் புக்கிங்.காம் அங்கே அவற்றைக் கைவிட்டது. மற்ற இடங்களில்? அறையின் உரிமையாளரே தன் அறையைக் குறைத்து விற்கத் தயங்க வேண்டிய நிலையில், சிறந்த விலைக்கு உத்தரவாதம் என்று நீங்கள் விளம்பரம் செய்வது எந்த விதத்தில் நேர்மை?

டிக்கெட் ரத்தானபோது நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. விமானத்தை நிறுவனமே ரத்து செய்தது, நான் கேன்சல் செய்யவில்லை. பணத்தைக் கேட்டால் விமான நிறுவனம், நீங்கள் ஏஜென்டிடம் வாங்கியிருக்கிறீர்கள், அவர்கள்தான் தர வேண்டும் என்றது. உங்கள் கஸ்டமர் கேர், விமான நிறுவனத்திடமிருந்து இன்னும் எங்களுக்கு வரவில்லை என்றது. ஒவ்வொரு அழைப்பிலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பதினோரு வாரம் ஆயிற்று. வந்த பணத்திலும் உங்கள் சேவைக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தது. நான் வாங்கிய பயணமே நடக்காதபோது எந்தச் சேவைக்கு அந்தக் கட்டணம்? அன்றிலிருந்து நான் செய்வது, உங்கள் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால் விமான நிறுவனத்திடமே வாங்கிவிடுவது. உங்களிடம் வாங்கினாலும் டிக்கெட் வந்த உடனே விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆர். போட்டு உண்மையிலேயே டிக்கெட் இருக்கிறதா, பெயரும் லக்கேஜும் சரியா என்று பார்த்துவிடுகிறேன். என்னைக் கேட்கும் எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

இதெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல், உடனே மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சட்டம் கேட்கும் இடங்களில் மாற்றித்தானே இருக்கிறீர்கள்? ஐரோப்பாவில் 2008-ஆம் ஆண்டின் விமானச் சேவை விதி, வரியும் தவிர்க்க முடியாத கட்டணங்களும் சேர்ந்த இறுதி விலையை எப்போதும் காட்ட வேண்டும், விருப்பச் சேர்க்கைகளை வாங்குகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் விமானக் கட்டண விளம்பரத்தில் வரியும் சேர வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது, தங்குமிடங்களின் விலையில் கட்டாயக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற விதி, வரியைச் சேர்க்கச் சொல்லாவிட்டாலும், 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் 2019-ல் அவசரப்படுத்தும் வாசகங்களையும் மறைத்த கட்டணங்களையும் போலித் தள்ளுபடிகளையும் விட்டுவிடுவதாக எக்ஸ்பீடியா, புக்கிங்.காம் உள்பட ஆறு தளங்கள் போட்டி ஆணையத்திடம் உறுதி கொடுத்தன. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் போலி அவசரம், கேட்காததைக் கூடையில் திணிப்பது, சொட்டுச் சொட்டாக விலை ஏற்றுவது உள்பட 13 தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. தங்க வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளம் ஐரோப்பாவில் 2019-ல் கட்டணங்கள் சேர்ந்த மொத்தத்தைக் காட்ட ஆரம்பித்து, 2025 ஏப்ரலில் வரி நீங்கலான மொத்தத்தை உலகம் முழுக்க எல்லோருக்கும் முதலிலேயே காட்டத் தொடங்கியது. ஆகவே முடியும். ஒரு நாட்டில் இருக்கிறவருக்கு நேர்மையான விலையையும் இன்னொரு நாட்டில் இருக்கிறவருக்கு அரைகுறை விலையையும் காட்டும் முடிவை எடுத்தது நீங்கள்தான்.

எனவே நான் கேட்பவை இவை. தேடல் பட்டியலில் முதலில் தெரியும் எண்ணிலேயே வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும், வரிசைப்படுத்துவதும் அந்த எண்ணை வைத்துத்தான் நடக்க வேண்டும். லக்கேஜ் உண்டா இல்லையா என்பது அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நான் தொடாத எந்தக் கட்டத்திலும் டிக் இருக்கக் கூடாது, வேண்டாம் என்பதற்கு ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் போதும், அதை வேண்டும் என்பதன் அளவுக்கே பெரிதாக எழுதுங்கள். குடும்பமாகத் தேடும்போது பிரித்து வாங்கினால் குறையும் என்றால் அதைக் காட்டுங்கள், அதில் உள்ள ஆபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணம் போல விற்கும் இடங்களில், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கைவிட்டுப் போகும், லக்கேஜை நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதைப் பணம் வாங்கும் முன் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரே ஓர் அறை என்றால் ‘எங்கள் தளத்தில்’ என்ற இரண்டு சொல்லைச் சேருங்கள்.

பெயரில் ஓரிரு எழுத்துப் பிழைக்கு உங்கள் பங்குக்குக் கட்டணம் வாங்காதீர்கள். அமெரிக்கா போய்வரும் விமானங்களில், பயணத்துக்கு 7 நாளுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் கேன்சல் செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையில் 24 மணி நேரம் பிடித்து வைக்கவோ வழி இருக்கிறது. முன்பதிவுத் தளங்களை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் நீங்களாக அதை எல்லா டிக்கெட்டுக்கும் கொடுங்கள். விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் உங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள், பணம் எங்கே நிற்கிறது என்பதை நாங்கள் போன் போடாமலே பார்க்கும்படி வையுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவதானால் ‘எங்கள் கொள்கையின்படி’ என்று தொடங்கி ஒரு வரி அனுப்ப வேண்டாம். இவற்றில் எதை எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள், எதை மாற்ற மாட்டீர்கள், ஏன் என்பதை உங்கள் தளத்தின் முகப்பிலேயே எழுதி வையுங்கள்.

பத்து வருடத்துக்கு மேலாக உங்களிடம் டிக்கெட் வாங்கி வரும் ஒரு பயணி